லைன் செங்குட்டுவனும் நரி கடித்த மேஸ்திரியும்

செங்குட்டுவன் பிறந்தது வியாசர்பாடியில், வாழ்ந்தது வரிசையில். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இந்த ஒரு வரியோடு முடித்துவிடலாம். நடுவில் ஒரு நரி வந்து கடித்துவிட்டதால்தான் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கிறது.

கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுவது அவர் தொழில். ஓட்டுவது என்று மரியாதைக்குச் சொல்கிறோம். எண்ணூரிலிருந்து துறைமுகம் வரைக்கும் கடலோரமாகப் போகிற சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே டிரெய்லரை யாரும் ஓட்டுவதில்லை, அதில் குடியிருக்கிறார்கள். துறைமுக வாசலில் ஒரு வண்டி உள்ளே நுழைந்தால் அந்தச் சலனம் வண்டிக்கு வண்டி பின்னால் நகர்ந்து, திருவொற்றியூரில் சற்று இளைப்பாறி, எர்ணாவூரில் டீ குடித்து, காத்திவாக்கத்தில் நிற்கிற வால் வண்டிக்கு வந்துசேரும். அதற்குள் முன்னால் நுழைந்தவர் சரக்கை இறக்கிவிட்டு, அடுத்த சரக்கை ஏற்றிக்கொண்டு, வாலுக்குப் பின்னால் வந்து நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வரிசைக்குள் ஒரு தனி நாடு இருக்கிறது. அங்கே முடி வெட்டிக்கொள்ளலாம், தொழலாம், ஜெபிக்கலாம், லூடோ ஆடலாம், பெண் பார்க்கலாம். ஒரு டிரைவர் குளிக்கப் போனால் பின்வண்டிக்காரர் இறங்கி வந்து அவர் வண்டியையும் முன்னால் நகர்த்தி வைப்பார். இதற்கு வண்டி வலிப்பது என்று பெயர். இரண்டு வண்டியை வலிப்பவர் ஒரு வண்டியை நகர்த்தி, இறங்கி நடந்து, தன் வண்டியை நகர்த்தி, மறுபடியும் இறங்கி நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் தொலைத்த பொருளைத் தேடுகிறவர் போல இருக்கும்.

இந்த நாட்டுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. லைன்னா லைன். அதை எழுதியவர் யார் என்று தெரியவில்லை. காவல் காத்தவர் செங்குட்டுவன். அதனால்தான் அவருக்கு லைன் செங்குட்டுவன் என்று பெயர். ஆம்புலன்ஸ் நீங்கலாக யாரும் அவருக்கு முன்னால் மூக்கை நுழைத்ததில்லை. கட்சிக் கொடி கட்டிய கார் வந்து ஹாரன் அடித்தபோது அவர் இறங்கிப்போய், வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று மிகப் பணிவாகக் கைநீட்டிக் காட்டினார். ராயபுரத்து நெல்சன் தன் சொந்த நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று அழாத குறையாகக் கேட்டபோதும் அதே கை அதே திசையில்தான் நீண்டது. கேபினில் அயர்ன் பண்ணி மாட்டிய நீலச் சட்டையோடு நெல்சன் வாலுக்குப் போனார். அன்று பெண்ணுக்கு மோதிரம் போட்டது நெல்சனின் அம்மா. நெல்சன் வீடியோ காலில் விரலை மட்டும் நீட்டினார்.

வரிசையைக் கண்டால் செங்குட்டுவனுக்குக் கால் தானாக நின்றுவிடும். ஒரு நாள் டோல்கேட்டில் ஏதோ பெரிய வரிசை நின்றது. எதற்கு என்று கேட்காமல் வாலில் போய் நின்றார். தோளில் பூனை இருந்தது. வெகுநேரம் கழித்துத் தலைப்பக்கம் வந்துசேர்ந்தபோதுதான் அது நாய் பூனைகளுக்கு இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசி போடும் முகாம் என்று தெரிந்தது. நின்றாகிவிட்டது, சும்மா திரும்புவது முறையல்ல என்று பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தார். "வூட்டுக்கு அரிசி வாங்கற லைனுக்குப் போன்னா நேரமில்லன்னுவ, பூனைக்கு ஊசி போட நிப்பியா?" என்று அவர் மனைவி எழில்மொழி கேட்டார். செங்குட்டுவன் பூனையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அந்தப் பூனைதான் மேஸ்திரி.

மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் குட்டியாக ஏறிக்கொண்டவர். சாம்பல் நிறம். மார்பில் மட்டும் வெள்ளை. இரண்டு முன்கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு டேஷ்போர்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் வேலை செய்வதை அரைக்கண்ணால் பார்ப்பார். தான் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார். இதைவிடப் பொருத்தமான பெயர் அவருக்குக் கிடைத்திருக்காது. டேஷ்போர்டில் அவருக்கு முன்பே குடியிருந்த சிறிய புத்தர் சிலையும் ஏறக்குறைய அதே முகபாவத்தோடுதான் இருந்தது. இருவருக்கும் இதுவரை தகராறு வந்ததில்லை.

மேஸ்திரியிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வண்டி உருண்டால்தான் சாப்பிடுவார். குட்டியிலிருந்து வந்த பழக்கம். வரிசை நிற்கும்போது செங்குட்டுவன் தூங்குவார். முன்வண்டி நகர்ந்தால் விழிப்பார். விழித்ததும் கியரைப் போட்டுவிட்டு, டிபன் மூடியில் இரண்டு நெத்திலியைப் போட்டு வைப்பார். வண்டி ஆடும், மூடி ஆடும், மேஸ்திரி ஆடியபடியே தின்பார். வண்டி நின்றால் வாயை எடுத்துவிடுவார். மறுபடி உருளும்வரை மீன் அங்கேயே கிடக்கும். உலகத்தில் உணவு என்பது அசைகிற தரையில் முளைக்கும் பொருள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

சம்பவம் நடந்த அன்று விடியற்காலையில் வரிசையின் வால் காத்திவாக்கத்தையும் தாண்டி, கழிமுகத்தை ஒட்டிய கருவேலங்காட்டு வளைவுவரை போயிருந்தது. பனி இறங்கியிருந்தது. அனல்மின் நிலையத்துப் புகை மேலே போக மனமில்லாமல் பனியோடு படுத்துக்கொண்டது. வண்டிகளின் விளக்குகள் பாலில் போட்ட திராட்சை மாதிரி மங்கித் தெரிந்தன. கண்டெய்னர்களின் அடிப்பாகம் மறைந்து, சிவப்பும் நீலமுமாகப் பெட்டிகள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. தண்ணீர் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று கொக்குகளுக்கே குழப்பம். ஒன்று தார்ச்சாலையில் ஒற்றைக்காலில் நின்று மீனுக்குக் காத்திருந்தது.

அந்தப் பகுதியில் நரியே கிடையாது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நரி அவர்களை விசாரித்ததில்லை. மேஸ்திரி காலைக்கடனுக்காக இறங்கி, தம் வழக்கப்படி அவசரமில்லாமல் புதருக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பூனைச் சத்தம் மாதிரியும் இல்லை, வேறு எதன் சத்தம் மாதிரியும் இல்லை. செங்குட்டுவன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குதித்து ஓடினார். பனிக்குள்ளிருந்து மெலிந்த காலும் தொங்கிய வாலுமாக ஒன்று வெளிப்பட்டு, அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் பனியாகிவிட்டது. மேஸ்திரி சேற்றில் கிடந்தார்.

தூக்கியபோது கையைப் பிறாண்டினார். விலாவுக்குக் கீழே வயிற்றில் பல் இறங்கியிருந்தது. தோல் ஓரிடத்தில் மடிந்து தொங்கியது. வெள்ளை மார்பு வெள்ளையாக இல்லை.

பின்வண்டி அலி அக்பருடையது. செங்குட்டுவனோடு பல வருஷமாக ஒரே வரிசையில் மூப்படைந்தவர். அவர் பல்துலக்கியபடி வந்து எட்டிப்பார்த்தார்.

"இன்னா நைனா ஆச்சு?"

"மேஸ்திரிய நரி கட்ச்சிட்சு, அலி."

"நரியா? நாயா இருக்கும்பா."

"நாயோ நரியோ, பல்லு ஒண்ணுதானே. பாரு, வயித்தாண்ட."

அலி அக்பர் பார்த்தார். வாயிலிருந்த நுரையைத் துப்பினார். "கிரீஸ் எட்த்து அப்பு. அன்னிக்கி எனக்கு ஆக்ஸில்ல கை கிழிஞ்சப்ப அதான் வெச்சேன். கப்புனு நின்னுச்சு."

டிரெய்லர்காரர்களின் மருத்துவத்தில் நோய்கள் பல, மருந்து ஒன்று. செங்குட்டுவன் கிரீஸை அள்ளிக் காயத்தின்மேல் அப்பினார். ரத்தம் கறுப்பாகி அதன் ஓரமாக வழிந்தது. மேஸ்திரி கத்தவில்லை. எப்போதும் அரைக்கண்ணால் பார்க்கிறவர், இப்போது கால்கண்ணால் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கித் தூக்கினு போ," என்றார் அலி அக்பர். "திருவொத்தியூர்ல ஒரு டாக்டரம்மா கீது. நாய் பூனையெல்லாம் பாக்குது. காத்தாலயே தெறந்துடும்."

"வண்டி?"

"நான் வலிச்சிக்கிறேன்."

"லைன உட்டுட்டு நான் இதுவரிக்கும்…"

"லைன் எங்கியும் போவாது நைனா. பூனதான் போய்டும்."

அந்த நேரம் பார்த்து ஹென்றி வந்தார். காசிமேட்டிலிருந்து மீன்கூடைக்காரப் பெண்களை ஏற்றிவந்து காத்திவாக்கத்துக்கும் அப்பால் இறக்கிவிடும் ஷேர் ஆட்டோக்காரர். காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். அலி அக்பர் கையைக் குறுக்கே போட்டு நிறுத்தினார்.

"ஏறச் சொல்றியே, ரோடு எங்க கீது?" என்றார் ஹென்றி. "ரெண்டு லேனும் உங்க ஆளுங்க அடச்சிகினு கீறாங்க. எதிர்ப்பக்கம் பாத்தா காலி வண்டி வந்துகினே கீது. நான் வரும்போதே மண்ணுல எறங்கி மண்ணுல ஏறிதான் வந்தேன். பூனைய வெச்சிகினு அப்டி குலுக்கினா அதுவே செத்துப்புடும்."

அலி அக்பர் போனை எடுத்தார். வரிசை டிரைவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. வழக்கமாக அதில் காலை வணக்கப் பூக்களும் பங்சர் கடைக்காரரின் எண்ணும்தான் வரும். அலி அக்பர் வாயருகே வைத்துப் பேசினார். "தோஸ்துங்களா, அலி பேசறேன். லைன் செங்குட்டுவனோட மேஸ்திரிய நரி கட்ச்சிட்சு. ஆட்டோல வந்துகினு கீது. காத்திவாக்கத்துலேர்ந்து திருவொத்தியூர் வரிக்கும் எல்லாம் லெப்டு ஒதுங்கி ஒரு ஆட்டோ சந்து உடுங்கப்பா."

பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாமே கேள்விகள்.

"யாரு, நம்ப லைன் செங்குட்டுவனா?"

"அவரு சந்து கேக்கறாரா? போன மாசம் என்னிய எர்ணாவூர்லேர்ந்து ரிவர்ஸ் எட்க்க வெச்சாரே, அவரா?"

"டூப்பு உடாத அலி."

அலி அக்பர் மறுபடி வாயருகே வைத்தார். "அவரு கேக்கலப்பா. பூன கேக்குது."

குழுவில் கட்டைவிரல் ஒன்று நிமிர்ந்தது. பிறகு பனிக்குள் எங்கோ காற்று பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது. புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. அதற்கு முன்னால் இன்னொன்று. பிறகு இன்னும் தூரத்தில், இன்னும் மெல்லியதாக. ஒரு பெரிய விலங்கு தூக்கத்தில் புரண்டு படுப்பது போல அந்த வரிசை மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. டயர்கள் மணலில் இறங்கின. கண்ணாடிகள் மடங்கின. நடுவில் ஒரு சந்து, ஆட்டோவின் அகலத்துக்கு, வெளிச்சமாகத் திறந்தது.

ஹென்றி சிலுவை போட்டுக்கொண்டார். "கடலப் பொளந்த மோசேக்கு அப்பால நம்பதான்," என்று சொல்லிக் கிளப்பினார்.

அந்தப் பயணத்தை விவரிப்பது கடினம். இருபுறமும் மதில் போல உயர்ந்த இரும்புப் பெட்டிகள், அவற்றின்மேல் எந்தெந்தத் தேசத்து எழுத்துகளோ. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கடல் ஒரு நீலக் கீற்றாகத் தெரிந்து மறைந்தது, தெரிந்து மறைந்தது. படிக்கட்டுகளில் நின்ற டிரைவர்கள் பிரஷ்ஷோடும் டீ கிளாஸோடும் குனிந்து பார்த்தார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஆட்டோவின் சத்தமே பஞ்சில் சுற்றியது போலக் கேட்டது. செங்குட்டுவன் மடியில் துண்டுக்குள் மேஸ்திரி கிடந்தார். விலா ஏறி இறங்குவதை அவர் ஒரு விரலால் தொட்டுத் தெரிந்துகொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும், ஏறுமா என்று விரல் காத்திருந்தது.

இந்த நிலையிலும் சட்டம் அவரைக் கைவிடவில்லை. முன்னால் ஒரு மீன் வண்டி அதே சந்தில் போய்க்கொண்டிருந்தது.

"அத்த முந்தாத, ஹென்றி. அவன் மின்னாடி வந்தவன்."

ஹென்றி கண்ணாடியில் பார்த்தார். "யோவ், மடில உசுரு போவுது. நீ லைன் பேசிகினு கீற." சந்து கொஞ்சம் அகன்ற இடத்தில் முந்தினார். செங்குட்டுவன் மீன் வண்டிக்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் பாவனையில் கையெடுத்துக் கும்பிட்டார்.

திருவொற்றியூரில் அந்த மருத்துவமனை ஒரு மாவு மில்லுக்கு மாடியில் இருந்தது. படியேறினால் நாற்காலிகள். நாற்காலிகளில் காது வீங்கிய லாப்ரடார், கூண்டில் கிளி, எதற்கு வந்தோம் என்று தெரியாத ஒரு ஆடு. செங்குட்டுவன் வரிசையைப் பார்த்தார். கால் நின்றது. ஆட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அண்ணா, ரத்தம் சொட்டுதே, நீங்க முன்னால போங்க," என்றார் கிளிக்காரப் பெண்.

"பர்வால்லம்மா. லைன்னா லைன்." துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆடு திரும்பி அவரைப் பார்த்தது. அதற்கே ஒப்பவில்லை.

கதவு திறந்து டாக்டர் தேவப்பிரியம் எட்டிப்பார்த்தார். குள்ளமான பெண்மணி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். தரையில் விழுந்த சொட்டுகளைப் பார்த்தார், அவை போய் முடிந்த இடத்தில் நின்ற மனிதரைப் பார்த்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"லைன்ல நிக்கறேன் டாக்டர்."

"இங்க லைனெல்லாம் கிடையாது. ரத்தம் வர்றவங்கதான் முதல்ல. குடுங்க இப்படி."

இப்படியும் ஒரு சட்டம் இருக்க முடியும் என்பது செங்குட்டுவனுக்குப் புதிய செய்தி. அதை யோசித்துப் பார்ப்பதற்குள் மேஸ்திரி உள்ளே போய்விட்டார்.

"இது என்ன கறுப்பா?" என்ற குரல் உள்ளிருந்து வந்தது.

"கிரீஸு டாக்டர்."

"யார் போட்டது?"

"நாந்தான். வீல் பேரிங்குக்குப் போடறது. நல்ல கிரீஸு."

டாக்டர் கிரீஸ் ஒட்டிய பஞ்சோடு வெளியே எட்டிப்பார்த்தார். பிறகு, "பூனைக்கு வீல் கிடையாது," என்றார்.

மயக்க ஊசி போட்டு, கிரீஸைக் கழுவுவதற்கே பாதி வேலையாகிவிட்டது. அதற்கு முன்பே செங்குட்டுவனின் கையில் இருந்த பிறாண்டலைப் பார்த்து, அவரைக் குழாயடியில் நிற்கவைத்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருக்கச் சொன்னார். நரி கடித்த பூனை பிறாண்டினாலும் ஊசி போட்டே ஆகவேண்டும், அரசு ஆஸ்பத்திரிக்கு இன்றே போகவேண்டும் என்றார். அங்கே வரிசை இருக்குமா என்று செங்குட்டுவன் கேட்டார். இருக்கும் என்றதும் கொஞ்சம் தெம்பு வந்தது. மேஸ்திரிக்கு டோல்கேட் முகாமில் ஊசி போட்டிருந்த விவரத்தைச் சொன்னபோது டாக்டர் முதல் தடவையாகத் தலையாட்டினார். "அது ஒண்ணு நல்ல காரியம் பண்ணீங்க. இப்ப மறுபடியும் ஒண்ணு போடறேன்."

தையல் போட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி வெளியே கொடுத்தபோது மேஸ்திரி ஊர்த்திருவிழா ஒலிபெருக்கி மாதிரி இருந்தார். கண் பாதி திறந்து, எங்கோ வெகுதூரத்தில் யாரோ வேலை செய்யாமல் இருப்பதைப் பார்ப்பது போல மிதந்தது.

டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். "வெளிக்காயம் சரியாயிடும். எனக்குச் சந்தேகம் உள்காயம்தான். ஸ்கேன்ல தெளிவாத் தெரியல. மத்தியானத்துக்கு மேல கொஞ்சமா சாப்பிடக் குடுங்க. சாப்பிட்டா குடல் நல்லா இருக்குன்னு நான் தைரியமா சொல்வேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள வாயே வைக்கலன்னா தூக்கிட்டு வாங்க, திறந்து பார்க்கணும். இந்த உடம்புக்கு அது தாங்குமான்னு சொல்ல முடியாது."

படியிறங்கும்போது அலி அக்பரின் போன் வந்தது.

"நைனா, செக்போஸ்ட்ல டிரைவர் மூஞ்சி காட்டணும்னு சொல்ட்டாங்க. ரெண்டு வண்டிக்கும் என் மூஞ்சியே காட்டினேன், ஒத்துக்கல. உன் வண்டிய திருவொத்தியூர்லயே கடலாண்ட ஓரங்கட்டிட்டேன். கல்லு கொட்டி வெச்சிகீறாங்களே, அங்க. சாவி டயரு மேல. நான் நின்னா பின்னாடி அடிக்க வராங்க, அதான் போய்கினே கீறேன். வந்து எவன்கிட்டயாவது சந்து கேட்டு சொருவிக்க. எவனும் இல்லன்னு சொல்ல மாட்டான்."

"சொருவறதா? நானா?"

"சரி, உன் பேஜாரு உன்னோட," என்று வைத்துவிட்டார் அலி அக்பர்.

வரிசையை விட்டவன் வாலுக்குப் போகவேண்டும். அது செங்குட்டுவனே நூறுபேருக்குக் கைநீட்டிக் காட்டிய விதி. ஆனால் டிரெய்லரை அங்கே திருப்ப முடியாது. ஆகவே வால் தன்னிடம் வரும்வரை ஓரத்தில் காத்திருப்பது, வந்ததும் அதன் பின்னால் சேர்ந்துகொள்வது என்று அவர் தீர்மானித்தார். சட்டப்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வரிசைக்கு வால் என்று ஒன்று வந்துசேர்ந்ததாக யாரும் இதுவரை பார்த்ததில்லை என்பது மட்டும்தான் சிறு சிக்கல்.

மேஸ்திரியோடு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு செங்குட்டுவன் வண்டிக்கு வந்து ஏறினார். பனி விலகி, பகல் ஏறி, இறங்கத் தொடங்கியது. ஒருபக்கம் பாறைகளில் கடல் வந்து மோதித் திரும்பியது. மறுபக்கம் வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போயின. நடுவில் நின்ற வண்டியில், தொட்டில் மாதிரி மடக்கிய லுங்கியில் மேஸ்திரி. கடந்து போகிற ஒவ்வொரு கேபினிலிருந்தும் ஒரு தலை நீண்டது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் போலவும் இருந்தது, கோயில் தேர் நின்று கும்பிடுகிறவர்கள் நகர்வது போலவும் இருந்தது.

"எப்டி கீறாரு மேஸ்திரி?"

"கண்ணு தெறந்தாரு."

"இந்தா, வஞ்சிரம் துண்டு. என் பொண்டாட்டி வறுத்தது. மேல மொளகாத்தூள வழிச்சிடு."

"எங்க சந்து உட்டோம்ல, ரேஷன் கடையாண்ட, அதுல வந்தியா?"

"வந்தேன்பா."

"அந்தச் சந்துல பின்னாடியே நாப்பது டூவீலர் பூந்துட்சு. ஒரு மாப்ள கார் கூட. எல்லாம் பூனைக்கி சொந்தக்காரங்களாம்."

மாலைக்குள் டிபன் மூடியில் வஞ்சிரம், நெத்திலி, அவித்த முட்டை, தயிர்சாதம், ஒரு கிரீம் பிஸ்கட் எல்லாம் சேர்ந்துவிட்டன. மேஸ்திரி ஒன்றையும் தொடவில்லை. கூம்பைக் கழற்றி, மீனை உதிர்த்து மூக்கருகே வைத்தார் செங்குட்டுவன். மூக்கு ஒரு தடவை அசைந்தது. தலை திரும்பிக்கொண்டது. தொழிற்சாலைகளுக்குப் பின்னால் சூரியன் செம்மண் நிறத்தில் இறங்க ஆரம்பித்தது. மில் மாடியில் விளக்குப் போட்டுவிடுவார்கள். திறந்து பார்க்கணும் என்ற சொல் கேபினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். பக்கத்தில் ஒரு கனமான வண்டி நகர்ந்து தரை அதிரும்போதெல்லாம் மேஸ்திரியின் காது நிமிர்ந்தது. தலை அரை அங்குலம் தூக்கி, மூடியை நோக்கித் திரும்பியது. தன் அடியில் தரை அசையவில்லை என்று தெரிந்ததும் மறுபடி படுத்துவிட்டது.

செங்குட்டுவன் இஞ்சினைக் கிளப்பினார். கேபின் அதிர்ந்தது. மேஸ்திரி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். வேலை செய்கிற மாதிரி பாவனை பண்ணுகிற ஆளை ஒரு மேஸ்திரி எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

உருள வேண்டும். முன்னால் பாறை, பின்னால் பாறை. உருள்வதற்கு இருந்த இடம் ஒன்றே ஒன்று.

செங்குட்டுவன் கண்ணாடியைப் பார்த்தார். புத்தரைப் பார்த்தார். இண்டிகேட்டரைப் போட்டார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக, வாலைக் காட்டுவதற்கு அல்லாமல், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். அது இருட்டப்போகிற நேரத்துக் கடற்காற்றில் தனியாகத் தொங்கியது. ஒரு வண்டி கடந்தது. இன்னொன்று கடந்தது. லைன் செங்குட்டுவன் சந்து கேட்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. காற்று வாங்குகிறார் என்று நினைத்து இரண்டு பேர் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

மூன்றாவது வண்டி நின்றது. ஜன்னலில் நெல்சன்.

"இன்னாண்ணே, கை வெளிய கீது?"

"சந்து வேணும், நெல்சா."

"சத்தமா சொல்லுங்க. இஞ்சின் சத்தத்துல கேக்கல."

நன்றாகக் கேட்டது. இருவருக்கும் தெரியும். செங்குட்டுவன் சத்தமாகச் சொன்னார். "சந்து வேணும்."

பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. நெல்சன் ஸ்டியரிங்கில் மோவாயை வைத்துக்கொண்டார். "லைன்னா லைன்னு யாரோ சொல்லுவாங்களே."

"நாந்தான் சொன்னேன்."

"அன்னிக்கி ஒரு சட்ட மாட்டி வெச்சிருந்தேன் வண்டில. பாத்தீங்களா?"

"பாத்தேன். நீலம்."

"இன்னும் பீரோல கீதுண்ணே. அவ அத்த போடக் கூடாதுன்னு சொல்ட்டா. மாப்ள இல்லாத நிச்சயத்துக்குத் தெச்ச சட்டயாம்."

ஹாரன்கள் பலத்தன. செங்குட்டுவனின் கை வெளியேதான் இருந்தது. உள்ளே இழுத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

"மேஸ்திரிக்கு இப்ப இன்னா?" என்றார் நெல்சன்.

"துன்ன மாட்டேங்கறாரு. வண்டி உருண்டாதான் துன்னுவாரு. துன்னலன்னா வயித்தத் தெறக்கணும்ன்றாங்க."

நெல்சன் ஜன்னலிலிருந்து எட்டி, லுங்கித் தொட்டிலில் கிடந்த கூம்பைப் பார்த்தார். பிறகு காலை பிரேக்கில் நன்றாக ஊன்றினார். அவருக்கு முன்னால் வரிசை நகர்ந்து போயிற்று. ஒரு டிரெய்லர் நீளத்துக்கு இடம் திறந்தது.

"சந்து மேஸ்திரிக்கு," என்றார். "உங்களுக்கு இல்ல. நீங்க டிரைவரு, ஓட்டுங்க."

செங்குட்டுவன் கியரைப் போட்டார். டயர்கள் மணலிலிருந்து தார்மேல் ஏறின. கேபின் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மெல்ல ஆட ஆரம்பித்தது. புத்தர் ஆடினார். டிபன் மூடி ஆடியது. மேஸ்திரி தலையைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்து, வேலை நடக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டி, வஞ்சிரத்தை விட்டுவிட்டு, அதன் அடியில் கிடந்த பழைய நெத்திலி ஒன்றை எடுத்தார்.

முன்வண்டி நின்றது. மேஸ்திரி வாயை எடுத்துவிட்டார்.

செங்குட்டுவன் போனை எடுத்து அலி அக்பரைக் கூப்பிட்டார். "அலி, சாப்பட ஆரம்ச்சிட்டாரு. வண்டி நின்னா நிறுத்திடறாரு." குரலில் ஒரு விண்ணப்பம் இருந்தது. விண்ணப்பித்துப் பழக்கமில்லாததால் அது கட்டளை மாதிரியே கேட்டது.

அலி அக்பர் எங்கோ முன்னால், ஏறக்குறைய காசிமேட்டில் இருந்தார். குழுவில் சொன்னார். அதன்பிறகு அந்தச் சாலை அன்றுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. இடம் கிடைத்தால் முழுசாகப் பாய்ந்து போய் முட்டி நிற்கிற வண்டிகள், கிடைத்த இடத்தைச் சாணுக்குச் சாணாகச் செலவழித்தன. யாரும் நிற்கவில்லை, யாரும் போகவுமில்லை. கடலோரமாக அத்தனை நீளத்துக்கு விளக்குகள் எரிந்துகொண்டு, மிக மெதுவாக, தூளி ஆடுகிற வேகத்தில் வரிசை உருண்டுகொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் போன பஸ்ஸில் இருந்தவர்கள் ஏதோ ஊர்வலம் என்று எட்டிப்பார்த்தார்கள்.

மேஸ்திரி இரண்டாவது நெத்திலியை முடித்தார். முட்டையில் மஞ்சளை மட்டும் நக்கினார். கிரீம் பிஸ்கட்டை முகர்ந்து, கொடுத்தவரின் குணத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, ஒதுக்கினார். பிறகு முன்காலை நக்கப் போய், தையல் இழுத்ததால் அதைத் தள்ளிவைத்து, கூம்புக்காகத் தாமே கழுத்தை நீட்டிக் காட்டினார்.

செங்குட்டுவன் காலி மூடியை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக் காட்டினார். பின்னால் நெல்சன் ஒரே ஒரு முறை ஹாரன் அடித்தார்.

அதைக் கேட்டதும் முன்னால் ஒரு வண்டி நின்றது. அதற்கு முன்னால் ஒன்று. புஸ், புஸ் என்று பெருமூச்சுகள் தூரத்துக்குப் போய்த் தேய்ந்தன. வரிசை பழையபடி வரிசையாகிவிட்டது. செங்குட்டுவன் டாக்டருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே ஆட்டுக்கு ரத்தம் வந்திருக்க வேண்டும். அவர் வைத்துவிட்டு, தம் முறை வரட்டும் என்று காத்திருந்தார்.